ஏச்சு நின்ற இடம்

பங்கு விழத் தொடங்கியபோது ஜெரால்டினின் வாயில் பாதி உளுந்து வடை இருந்தது. மீதிப் பாதி கையிலேயே நின்றுவிட்டது.

கைப்பேசித் திரையில் பிந்துராயா என்ற பெயருக்குப் பக்கத்தில் எல்லாமே சிவப்பு. நேற்று மாலை எண்பத்தெட்டு காசில் மூடிய பங்கு, சந்தை திறந்த சூட்டோடு எழுபத்தொன்றுக்கு வந்திருந்தது. அவள் கண் சிமிட்டுவதற்குள் எழுபது.

"என்னாடி பேயே, வடைல முடி கிடி கெடக்கா?" என்றாள் உஷாராணி, அடுப்புக்குப் பின்னாலிருந்து.

"முடியா இருந்தா பரவால்லையே."

உஷாராணி கரண்டியை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். பிரிக்ஃபீல்ட்ஸ் ஸ்காட் ரோட்டின் பின்சந்தில், தார்ப்பாய்க்குக் கீழே, பல வருடமாக வடையும் தோசையும் சுட்டு விற்கிறவள். மழை வந்தால் அடுப்பை அணைக்க வேண்டும். காற்று அடித்தால் தார்ப்பாயைத் துரத்த வேண்டும். அந்தப் பிழைப்புக்கு இப்போதுதான் ஒரு விடிவு வந்திருந்தது. அடுத்த தெருவில் ஒரு கடை காலி. வரும் புதன்கிழமை முன்பணம் கட்டினால் கடை அவளுக்கு. கட்டாவிட்டால், பின்னால் வரிசையில் நிற்கும் கைப்பேசிக் கடைக்காரனுக்கு.

முன்பணம் எங்கே இருக்கிறது? அந்தச் சிவப்பு எழுத்துக்குள் இருக்கிறது.

ஸ்காட் ரோட்டுப் பெண்கள் ஆறு பேர் வெகுகாலமாகக் கூட்டு கட்டுகிறவர்கள். மாதாமாதம் ஆளுக்கு ஒரு தொகை போடுவார்கள். முறை வைத்து ஒருத்தி மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போவாள். போன வருடம் அந்த வழக்கத்தை மாற்றிவைத்தவள் ஜெரால்டின்தான். "அள்ளிக்கிட்டுப் போய் என்னத்த செய்யறோம்? தங்கம் வாங்குறோம், அப்புறம் அதையே அடகு வைக்கிறோம். இந்தத் தடவ யாரும் எடுக்க வேணாம். ஷேர்ல போடுவோம். யாருக்கு அவசரமோ அவங்க வித்து எடுத்துக்கட்டும்" என்றாள். பல் மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில் கணக்கு பார்க்கிறவள் சொன்னால் எடுபடாமல் போகுமா? எடுபட்டது. வாங்கிய விலை அறுபத்திரண்டு காசு. ஏறிக்கொண்டே போனது. முதல் அவசரம் உஷாராணியுடையது. விற்ற பணம் கைக்கு வர இரண்டு நாள் ஆகும் என்பதால், வரும் திங்கட்கிழமை அவள் பங்கை விற்பதாகத் திட்டம். எழுபத்தெட்டு காசுக்கு விற்றால் முன்பணம் கிடைத்துவிடும். எண்பத்தெட்டுக்கு விற்றால் குளிர்பானம் வைக்க, கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெரிய சில்லர் பெட்டியும் கிடைக்கும். சில்லருக்கு உஷாராணி கடையில் இடம்கூடக் குறித்து வைத்துவிட்டாள்.

"எவ்ளோடி?" என்றாள் இப்போது.

"எழுபது."

"அய்யய்யோ! வித்துடுடி! இப்பவே வித்துடு! கொறையிற காசுக்கு நான் எங்கியாவது வட்டிக்கு வாங்கிக்கிறேன்."

"இரு, கத்தாத. என்னா நடந்துச்சுன்னு மொதல்ல பாக்கறேன்."

நடந்தது இதுதான். விடிகாலையிலிருந்து பிந்துராயாவின் சர்வர் படுத்துவிட்டது. கம்பெனியே அறிவித்திருந்தது. எப்போது எழும் என்று சொல்லவில்லை.

ஜெரால்டின் மூச்சை விட்டாள். விட்ட மூச்சில் ஒரு சிரிப்புகூட வந்தது.

"உஷா, இதுக்குப் போயா பயந்தோம்? இது நல்ல சேதிடி!"

நல்ல சேதி என்று அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. பங்கு வாங்க அவளுக்கென்று ஒரு வழி உண்டு. உலகத்துக்கே சாஃப்ட்வேர் செய்கிற கம்பெனி பக்கம் போகமாட்டாள். ஒரே ஒரு தொழிலுக்கு மட்டும் செய்ய வேண்டும்; அந்தத் தொழிலில் இருக்கிற முக்கால்வாசிப் பேர் அதைத்தான் வைத்திருக்க வேண்டும்; பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத அளவுக்கு அந்தத் தொழில் சின்னதாக இருக்க வேண்டும். பிந்துராயா அப்படித்தான். துறைமுக ஊரான கிள்ளானில் காலிக் கொள்கலன்களை அடுக்கி வைக்கிற கிடங்குகள் உண்டு. எந்த லோரி எந்தக் கொள்கலனை எப்போது கொண்டுவந்து போட்டது, அடிபட்டிருக்கிறதா, தாமதமா என்று வாசல் கேட்டில் பதிவு செய்கிற சாஃப்ட்வேர் அது. அதை மட்டும்தான் அந்தக் கம்பெனி செய்கிறது. கிள்ளானில் லோரிக் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருடம் குப்பை கொட்டியவள் ஜெரால்டின். போகிற கேட்டில் எல்லாம் அந்தத் திரையைப் பார்த்திருக்கிறாள்.

பார்த்ததைவிடக் கேட்டதுதான் முக்கியம். கேட்டுக்குக் கேட்டு உட்கார்ந்து பதிவு போடுகிற கிராணிகள் அதை ஏசுவார்கள். 'சனியன் புடிச்ச சிஸ்டம்', 'இதச் செஞ்சவன் கையில புழு வைக்க'. ஏசுவார்கள், ஆனால் விடமாட்டார்கள். அதுதான் அவளுடைய கடைசிப் பரிசோதனை. கூட்டுப் பெண்களிடம் அடிக்கடி சொல்வாள்: "எல்லாரும் மெச்சுற சாஃப்ட்வேர்ல காசு போடாதீங்க. எல்லாரும் ஏசிக்கிட்டே யூஸ் பண்றான் பாருங்க, அதுல போடுங்க. ஏசுறவன் எங்கியும் போகமாட்டான்."

கைப்பேசியைத் தூக்கி, கூட்டுக் குழுவில் குரல் பதிவு போட்டாள்.

"யாரும் பதறாதீங்க. சிஸ்டம் நின்னுடுச்சுன்னா இந்நேரம் கிள்ளான் பூரா கத்திக்கிட்டு கெடப்பான். கத்துறான்னா என்னா அர்த்தம்? அது இல்லாம அவனால ஒரு லோரிய உள்ள விட முடியல. எவனும் விக்காதீங்க. நானே நேர்ல போய் கேட்டுட்டு வரேன்."

முதல் பதில் இராஜம்மாவிடமிருந்து வந்தது. அரசாங்க மருத்துவமனையில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர்; கூட்டுக்குத் தலைவி. பங்குக் கணக்கு அவர் பெயரில்தான். எதை வாங்குவது என்று யோசிப்பது ஜெரால்டின். கைப்பேசியில் விரலை வைத்து வாங்குவதும் விற்பதும் இராஜம்மா. "சரிம்மா. நீ சொன்னா சரி" என்று மட்டும் போட்டிருந்தார்.

உஷாராணி இன்னும் இடுப்பில் கை வைத்து நின்றாள். "சாயங்காலம் எழுபது அறுபதாச்சுன்னா, உன் தலையிலதான் மாவ அரைப்பேன்."

"அரை. இப்ப அந்த மிச்ச வடைய தாப்பாவ் பண்ணிப் பொட்டலமா குடு."

கிளினிக்கில் மதியம்வரை கணக்கை முடித்து, மீதி நாளுக்கு அவசர விடுப்பு சொல்லிவிட்டு, காடியை ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஏற்றினாள். சுபாங் தாண்டும்வரை மனதுக்குள் வானொலி பாடியது.

*

கிள்ளானில், பண்டமாரான் பகுதியில் இருந்த அந்தக் கிடங்கை அவள் முதலில் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் கார்த்திகேசு. வாசல் கேட்டில் கிராணி. முன்பு அவளோடு ஒரே லோரிக் கம்பெனியில் இருந்தவன். பிந்துராயாவை ஏசுவதில் கிள்ளானிலேயே அவனை மிஞ்ச ஆளில்லை. தமிழில் ஆரம்பித்து, மலாயில் ஏறி, ஹொக்கியனில் இறங்குவான். இன்று அவன் வாயைக் கேட்டாலே போதும், மனசு குளிர்ந்துவிடும் என்று நினைத்தபடிதான் காடியை நிறுத்தினாள்.

கதவைத் திறந்து இறங்கியவள் அங்கேயே நின்றாள்.

சத்தமே இல்லை.

வரிசை இல்லை. ஹாரன் இல்லை. ஒரு லோரி வந்தது. கேட்டைக் காக்கிற ஜாகா கையிலிருந்த எதையோ ஓட்டுநர் பக்கம் நீட்டினான். தடுப்புக்கட்டை எழும்பியது. லோரி உள்ளே போனது. பின்னால் இன்னொன்று. அதுவும் போனது.

ஒருவேளை சர்வர் எழுந்துவிட்டதோ? கைப்பேசியைப் பார்த்தாள். எழவில்லை. பங்கு அறுபத்தொன்பது.

"அட, ஜெரால்டின்! வா வா வா! எவ்ளோ நாளாச்சு! பால் இல்லாம தே ஓ போடவா?" கார்த்திகேசு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

"தே ஓ இருக்கட்டும். சிஸ்டம் எப்ப வரும்னு எதாச்சும் சொன்னானா?"

"எந்த சிஸ்டம்?"

அவள் கையில் இருந்த காடிச் சாவி மேசையில் விழுந்தது. மேசையில்தான் அதைப் பார்த்தாள். பழைய கணினி. திரையில் பிந்துராயாவின் சின்னம். அதன் கீழே, தொடர்பு கிடைக்கவில்லை என்ற அறிவிப்பு. விசைப்பலகையின் மேல், வாழையிலையில் கட்டிய நாசி லெமாக் பொட்டலம் ஒன்று சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. எண்ணெய் கசிந்து விசைகளுக்கு நடுவே இறங்கிக்கொண்டிருந்தது.

கார்த்திகேசு அவள் பார்வையைப் பின்தொடர்ந்து திரையைப் பார்த்தான். "அலாமாக்! நின்னு போச்சா? எப்பலேருந்து?"

"காலைலேருந்து."

"அப்படியா? நான் கவனிக்கவே இல்ல லா."

"அப்ப லோரிங்க எப்படி உள்ள போவுது?"

"அது வேற. கப்பல் கம்பெனிக்காரனுங்க சேந்து ஒரு ஆப் குடுத்துட்டானுங்க. சும்மா, காசே இல்ல. டிரைவர் போன்ல ஒரு கட்டம் வரும், ஜாகா அத ஸ்கேன் பண்ணுவான், முடிஞ்சது. நாலஞ்சு மாசமா அதுலதான் ஓடுது."

ஜெரால்டின் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"அப்ப பிந்துராயாவுக்கு ஏன் இன்னும் காசு கட்டுறீங்க?"

"கான்ட்ராக்ட் டிசம்பர் வரைக்கும் இருக்கு. நடுவுல வுட்டா அபராதம். எங்க மொதலாளி தௌக்கே ஒரு வெள்ளிக் காச சும்மா வுடுவாரா? டிசம்பர் வரட்டும்னு இருக்காரு." கார்த்திகேசு பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பிறகு, செத்துப்போனவரைப் பற்றிப் பேசும் குரலில் சொன்னான்: "நல்ல கம்பெனி, பாவம்."

அதைக் கேட்டதும்தான் அவளுக்கு உண்மையிலேயே வியர்த்தது. கார்த்திகேசு பிந்துராயாவைப் பாவம் என்கிறான்! ஏசவில்லை. ஏச என்ன இருக்கிறது? தொல்லை கொடுத்தால்தானே ஏச்சு வரும்? தொல்லை கொடுக்கும் அளவுக்குக்கூட அது அவன் வாழ்க்கையில் இல்லை.

கணக்குக்காரியின் மூளை மீதியைத் தானாகவே போட்டுக் காட்டியது. ஒப்பந்தம் இருக்கிறவரை கிடங்குகள் காசு கட்டும். கம்பெனியின் வரவு குறையாது. காலாண்டு அறிக்கை கொழுகொழுவென்று இருக்கும். பங்கு ஏறக்கூட ஏறும். எல்லாம் டிசம்பர் வரைக்கும். அப்புறம் ஒரு நாள், ஒரே நாளில்...

தன் குரல் காதில் ஒலித்தது. 'எவனும் விக்காதீங்க.'

ஒரு கிடங்கை வைத்து முடிவு கட்டக்கூடாது, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இவன் தௌக்கே கஞ்சன். இலவசம் என்றால் பாய்வான். மற்றவர்கள் அப்படி இருக்கமாட்டார்கள்.

*

காப்பார் சாலையில் இருந்த இரண்டாவது கிடங்கு இன்னும் பெரியது. தூரத்திலிருந்தே அவளுக்கு ஹாரன் கேட்டது.

ஒன்றல்ல, பத்து ஹாரன். வளைவு திரும்பியதும் வரிசை தெரிந்தது. லோரிக்குப் பின்னால் லோரி, சாலையோரம் முழுக்க. ஓட்டுநர்கள் இறங்கி நின்று கைகளை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் தலைப்பாகைத் துண்டைத் தரையில் அடித்துக் கத்தினான். வசவு காற்றில் மிதந்து வந்தது.

ஜெரால்டினுக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷத்தில். ஏசுகிறார்கள்! ஆண்டவரே, ஏசுகிறார்கள்!

காடியைப் புல்லில் ஏற்றி நிறுத்திவிட்டு ஓடினாள். துண்டு அடித்தவனிடம் மூச்சு வாங்கக் கேட்டாள், "அண்ணே, சிஸ்டம் நின்னுடுச்சா?"

"சிஸ்டமா? அந்தா பாருங்கக்கா, முன்னாடி ஒரு கூறுகெட்டவன் கேட்டுக்கு நடுவுல டயர் வெடிச்சு நிக்கிறான். ஸ்பேர் டயர் கொண்டு வரலையாம். இவனுக்கெல்லாம் எவன் லைசன்ஸ் குடுத்தான்?"

அவள் மெல்ல நடந்து போய்ப் பார்த்தாள். உண்மைதான். கேட்டின் நடுவே ஒரு லோரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஓட்டுநர்கள் ஏசியது டயரை.

கேட் அறைக்குள் சூசன் என்ற கிராணி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஜெரால்டினை அரைகுறையாக ஞாபகம் இருந்தது. பேச்சோடு பேச்சாக ஜெரால்டின் கேட்டாள்:

"இங்கயும் அந்தக் கப்பல் கம்பெனி ஆப்தானா சூசன்?"

"மே மாசத்துலேருந்து."

"மத்த இடத்துலெல்லாம்?"

"இந்த ரோட்ல யாருகிட்டக்கா இல்ல?" சூசன் ஒரு சுளையை நீட்டினாள். "பிந்துராயா பாவம், ஹரிராயா, தீபாவளி எதுக்கும் மறக்காம கேக் அனுப்புவாங்க."

மறுபடியும் பாவம்.

வெளியே வந்தபோது கைப்பேசி நடுங்கியது. நடுங்கிக்கொண்டே இருந்தது. கூட்டுக் குழுவில் செய்திக்கு மேல் செய்தி. சர்வர் எழுந்துவிட்டதாம். பங்கு எழுபத்தொன்பது.

அமுதவள்ளி மத்தாப்புப் படம் போட்டிருந்தாள். லோகேஸ்வரி, "ஜெரால்டின் அக்கா சொன்னா சொன்னதுதான்!" என்று எழுதியிருந்தாள். உஷாராணியின் குரல் பதிவு, பின்னால் எண்ணெய் கொதிக்கும் சத்தத்தோடு: "ஏண்டி பேயே, தப்பிச்ச! திங்கக்கெழமைக்குள்ள எண்பத்தெட்டு வந்துடும்ல? சில்லர்காரன்கிட்ட சொல்லிட்டேன்!"

சந்தை மூட இன்னும் அரை மணி நேரம்கூட இல்லை. ஜெரால்டின் காடிக்குள் உட்கார்ந்து கண்ணாடிகளை ஏற்றினாள். வெளியே ஹாரன்கள் மங்கின. இன்று அவள் பார்த்ததை நாளை வேறொருவன் பார்க்கலாம். டிசம்பர்வரை யாருமே பார்க்காமலும் போகலாம். தெரிந்தவர்கள் யார் யார்? கார்த்திகேசு, சூசன், அந்த ஜாகா. இவர்கள் பங்கு வாங்குகிறவர்கள் இல்லை. ஆனால் இவர்களைப் போய்க் கேட்க இன்னொரு ஆளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

இராஜம்மாவை அழைத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி. மூன்றாவது முறை எடுத்தார். பின்னால் முடி உலர்த்தும் இயந்திரம் இரைந்தது.

"என்னாம்மா? நான் சலூன்ல இருக்கேன். தலைக்கு டை போட்டுக்கிட்டு."

"அக்கா, விக்கணும். எல்லாத்தையும். இப்பவே."

இரைச்சல் நின்றது. யாரோ இயந்திரத்தை அணைத்திருக்க வேண்டும்.

"காலைல விக்காதன்னு சொன்ன. அப்ப எழுபது. இப்ப ஏறுது, விக்கச் சொல்ற. தலகீழால்ல இருக்கு?"

"தெரியும்கா. காலைல நான் சொன்னது தப்பு. கிள்ளான்ல யாரும் ஏசல."

"ஏசலன்னா நல்லதுதானே?"

எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? நாசி லெமாக் பொட்டலம் கண் முன்னால் வந்தது. "அக்கா, சிஸ்டம் காலைலேருந்து செத்துக் கெடக்கு. கீபோர்டு மேல சோத்துப் பொட்டலத்த வச்சிருக்கான். அது செத்தது அவனுக்குத் தெரியவே இல்ல. எல்லாரும் வேற ஆப்புக்குப் போயிட்டானுங்க. டிசம்பர் வரைக்கும் கான்ட்ராக்ட் இருக்கிறதால காசு மட்டும் கட்டுறானுங்க."

சலூன் கதவின் மணி கிணுங்கியது. பிறகு வேறொரு குரல், கிட்டத்தில், மூச்சிரைக்க. "அக்கா, எங்க கடைய பத்தி பேசுறீங்களா? ஜெரால்டினா லைன்ல?" உஷாராணி. சந்தின் முனையில்தானே சலூன். இராஜம்மா கை காட்டிக் கூப்பிட்டிருப்பார்.

"ஸ்பீக்கர்ல போடறேன். மொத அவசரம் இவளுதுதான். இவளே சொல்லட்டும்."

ஜெரால்டின் சொன்னாள். மறுபடி முதலிலிருந்து, ஆப், டிசம்பர், பொட்டலம். உஷாராணி குறுக்கே பேசவேயில்லை. அவள் குறுக்கே பேசாமல் இருந்து ஜெரால்டின் பார்த்ததே கிடையாது.

"இப்ப வித்தா முன்பணம் வந்துடும். அவ்ளோதான்?" என்றாள் உஷாராணி கடைசியில்.

"அவ்ளோதான்."

"திங்கக்கெழம வரைக்கும் இருந்தா சில்லரும் வரும்."

"வரலாம். வராமலும் போகலாம். கடையே போகலாம்டி."

"காலைல இப்படித்தான் சத்தியம் பண்ற மாதிரி பேசுன. அப்ப விக்க விடல. இப்ப இப்படிப் பேசுற."

கண்ணாடிக்கு வெளியே, புது டயரை இரண்டு பேர் உருட்டிக்கொண்டு போனார்கள். "உஷா, எனக்கு பயமா இருக்குடி" என்றாள் ஜெரால்டின். சொல்ல நினைத்தது அது இல்லை. வாயில் வந்தது அதுதான்.

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. இராஜம்மாவின் குரல்: "ஆஸ்பத்திரில முப்பது வருஷம் இருந்தேன்மா. ஒண்ணும் இல்ல ஒண்ணும் இல்லன்னு சிரிச்சிக்கிட்டே வர்ற டாக்டரவிட, மொகம் வெளுத்து வர்றவரு சொன்னாத்தான் நாங்க ஓடுவோம். காலைல இவ குரல்ல பயமே இல்ல. உஷா, என்ன சொல்ற?"

"வித்துடுங்க" என்றாள் உஷாராணி.

அப்புறம் நடந்ததை ஜெரால்டின் காதால் மட்டும்தான் பார்த்தாள். இராஜம்மாவின் விரலெல்லாம் கறுப்புச் சாயம். கைப்பேசி விரலை ஏற்க மறுத்தது. துடைத்தார்கள். மறுத்தது. எலுமிச்சை கொண்டு வா என்றது ஒரு குரல். "ரகசிய எண் ஞாபகம் இல்லையாக்கா?" "என் பேரன் பொறந்த வருஷம்... இல்ல, மூத்தவளோட காடி நம்பர்..." மணி ஐந்தை நெருங்கியது. ஜெரால்டின் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சின்ன வயதில் மனப்பாடம் செய்த ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் மறந்து, மறுபடி ஆரம்பித்தாள்.

"தெறந்துடுச்சு!" உஷாராணி.

"எவ்ளோல போடணும்?" இராஜம்மா.

"எழுபத்தெட்டுல போடுங்க. சீக்கிரம்."

"போட்டாச்சு... சுத்துது... சுத்துது..."

பிறகு இராஜம்மா பெருமூச்சு விட்டார். "எல்லாம் போச்சு. வித்தாச்சு."

*

மறுநாள், வெள்ளிக்கிழமை, பங்கு எண்பத்து மூன்று. திங்கட்கிழமை தொண்ணூற்றொன்று. சர்வரைச் சீக்கிரம் சரிசெய்த கம்பெனி என்று யாரோ ஒரு நிபுணர் பாராட்டி எழுதியிருந்தார்.

கூட்டுக் குழு கொதித்தது. "நல்லா இருந்த குடிய கெடுத்தியே அக்கா" என்று ஆரம்பித்தாள் லோகேஸ்வரி. அமுதவள்ளி மத்தாப்புக்குப் பதிலாகச் செருப்புப் படம் போட்டாள். "தொண்ணூத்தொண்ணு" என்று மட்டும் தினமும் காலையில் ஒருத்தி எழுதினாள், வேறு எதுவுமே எழுதாமல். இராஜம்மாகூட, தலைமுடி பாதி கறுப்பும் பாதி செம்பட்டையுமாக ஆனதற்கு ஜெரால்டின்தான் காரணம் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆனால் மாதம் பிறந்ததும் எல்லோருடைய கூட்டுக் காசும் வந்து சேர்ந்தது. அதையும் ஏசிக்கொண்டேதான் கொடுத்தார்கள். "இந்தத் தடவயாச்சும் கண்ணத் தொறந்து வாங்கு!"

ஒருத்தியைத் தவிர.

உஷாராணி ஒரு வார்த்தை பேசவில்லை. புதன்கிழமை முன்பணம் கட்டியதும், "நன்றிங்க ஜெரால்டின்" என்று ஒரு செய்தி வந்தது. நன்றி'ங்க'. ஜெரால்டின் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் உஷாராணி அவளைப் பேய், சனியன், மூதேவி என்று கூப்பிட்டிருக்கிறாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக ஞாபகமே இல்லை. மாதக் காசை வேறொரு ஆள் மூலம், உறையில் போட்டு, பணிவாகக் கொடுத்தனுப்பியிருந்தாள்.

கார்த்திகேசுவின் சிரிப்பு ஞாபகம் வந்தது. 'நல்ல கம்பெனி, பாவம்.' ஏசாதவன் ஏற்கெனவே போய்விட்டவன்.

கடை திறந்த அன்று காலையில் போனாள். வாசலில் மாவிலை. உள்ளே புது மேசைகள். ஒரு மூலை மட்டும் காலியாகக் கிடந்தது; சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் நீள அகலம் குறித்திருந்தது. சில்லருக்கான இடம். அங்கே இப்போது ஐஸ் நிரப்பிய ஒரு பழைய பிளாஸ்டிக் பெட்டி.

"வாங்க" என்றாள் உஷாராணி. "உக்காருங்க. என்ன சாப்பிடுறீங்க?"

ஜெரால்டின் உட்கார்ந்தாள். வடை வந்தது. சட்னி வந்தது. தண்ணீர்கூட வந்தது, கேட்காமலே. எல்லாவற்றையும் வைத்துவிட்டு உஷாராணி ஒதுங்கி நின்றாள், முதல் நாள் வந்த வாடிக்கையாளரிடம் நிற்பதுபோல. வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் இரைந்து போனது. அடுத்த காலாண்டு அறிக்கை வர இன்னும் எத்தனையோ வாரம். அதில் என்ன இருக்கும் என்று ஜெரால்டினுக்குத் தெரியாது. தான் பார்த்தது சரியா, பயத்தில் ஓடினாளா, அதுவும் தெரியாது. ஆனால் அந்த 'உக்காருங்க'வை வைத்துக்கொண்டு அவளால் ஒரு வாய் விழுங்க முடியவில்லை.

தட்டைத் தள்ளினாள்.

"உஷா, நீ கூட்ட விட்டுப் போகப் போறியா?"

"ஏன் கேக்குறீங்க?"

"நீ ஏசல."

உஷாராணி துணியை எடுத்து, சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"சில்லர்காரன்கிட்ட வேணாம்னு சொல்லப் போனேன்" என்றாள், நிமிராமல். "அவன் கேட்டான், என்னாக்கா, காசு இல்லையான்னு. எல்லார் முன்னாடியும்." துணி நின்றது. "இந்தக் கடைக்குள்ள நிக்கிறேன். மழ வந்தா ஓட வேணாம். அதுக்கு உன்ன கும்புடணும். அத நெனச்சா ஏச வாய் வரமாட்டேங்குது. தொண்ணூத்தொண்ணப் பாத்தா கும்புட மனசு வரமாட்டேங்குது. நான் என்னதான்டி செய்வேன்?"

டி.

"ரெண்டையும் செய்" என்றாள் ஜெரால்டின். "மொதல்ல ஏசு."

உஷாராணி துணியை மேசைமேல் ஓங்கி அடித்தாள். "அடி சனியன் புடிச்ச மூதேவி! ரெண்டு நாளு! ரெண்டே நாளு வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா, அந்த மூலைல கண்ணாடிக் கதவு வச்ச சில்லர் நின்னிருக்கும்டி! பயமா இருக்காம் பயம்! உன் பயத்துல வைக்க கொள்ளிய! ஐஸ் கட்டிய தூக்கித் தூக்கி என் தோள்பட்டை போச்சு, வந்து தடவி விடுவியா? கிள்ளானுக்குப் போனாளாம், சோத்துப் பொட்டலத்தப் பாத்தாளாம்..."

தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். உஷாராணி நிறுத்துவதாக இல்லை. ஜெரால்டின் தட்டைத் தன் பக்கம் இழுத்து, வடையைப் பிட்டு, சட்னியில் தோய்த்து, வாயில் போட்டுக்கொண்டாள்.